ஏழாம் வாய்ப்பாடும் வியாழக்கிழமை வயிற்றுவலியும்

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் இவரோடு ஏழு வயது மகள், நான்கு வயது மகன், மாமனார், மாமியார். மகள் தனியார் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் 'டேபிள்ஸ் டெஸ்ட்' உண்டு. கேட்ட வாய்ப்பாட்டை ஒரு நிமிடத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். தப்பு விட்டால் வீட்டில் இருபது தடவை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஐந்தாம் வாய்ப்பாடு வரை எப்படியோ வந்துவிட்ட பெண், ஆறிலும் ஏழிலும் நின்றுவிட்டாள். வரிசையாகக் கேட்டால் ஓரளவு சொல்கிறாள். நடுவில் "ஏழு நாலு எவ்வளவு?" என்று கேட்டால் "செவன் ஒன்ஸ் ஆர் செவன்" என்று முதலிலிருந்து தொடங்கி, பாதியில் விட்டு அழுகிறாள்.

"போன மாதம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லாததற்காக ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். அதிலிருந்து வியாழக்கிழமை ராத்திரி ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாள்" என்று எழுதுகிறார். கணக்கில் வீக், டியூஷன் வையுங்கள் என்கிறார் வகுப்பாசிரியை. பலசரக்குக் கடை நடத்தி ஓய்ந்த மாமனார், "நாங்களெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வோம்" என்று காலையில் பேத்தியை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்கிறார். ஆச்சியும் பேத்தியும் பல்லாங்குழி எடுத்து வைத்தால் அதற்கும் சத்தம் போடுகிறார். "எனக்கே கணக்கு வராது. அவளும் என்னை மாதிரிதான் போல" என்று வருந்தும் இந்தத் தாய், கடைசியில் சில கேள்விகள் கேட்கிறார். இது டிஸ்கால்குலியாவா, அதாவது எண்களைப் புரிந்துகொள்வதிலேயே இருக்கும் கற்றல் குறைபாடா? அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? பள்ளியில் போய்க் கேட்டால் குழந்தை மேல் கோபத்தைக் காட்டுவார்களா? மாமாவிடம் எப்படிச் சொல்வது? சின்னவனாவது கஷ்டப்படாமல் இருக்க அவனுக்கு இப்போதே தொடங்கிவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

கணக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் வயிற்றுவலி. அவள் நடிக்கவில்லை. பயம் குழந்தைகளுக்கு உடம்பில்தான் முதலில் தெரியும். "எனக்கு வெள்ளிக்கிழமையை நினைத்தால் பதற்றமாக இருக்கிறது" என்று ஏழு வயதில் யாருக்கும் சொல்லத் தெரியாது. வலி உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலச்சிக்கல் போன்ற சாதாரணக் காரணமும் இருக்கலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலி, வாந்தி, காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் இரத்தம் என்று ஏதாவது இருந்தால் தாமதிக்கக் கூடாது. எதுவும் இல்லை, வியாழன் இரவு மட்டும் வலி வந்து வெள்ளி மாலை போய்விடுகிறது என்றால், மருந்து கொடுக்க வேண்டியது வயிற்றுக்கு இல்லை. "சும்மா சொல்றா" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்க வைத்ததை அவள் உங்களிடம் மறைத்திருக்கிறாள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். சொன்னால் வீட்டிலும் திட்டு விழும் என்று அவள் நினைத்திருக்கிறாள். இன்றைக்கே, கணக்குப் புத்தகம் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "உன்னை வெளியில நிக்க வச்சது எனக்குத் தெரியும், உன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிடுங்கள்.

பாட்டாகத் தெரிகிறது, கணக்காகத் தெரியவில்லை

ஏழு நாலு கேட்டால் ஏழு ஒன்றிலிருந்து தொடங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அவள் வாய்ப்பாட்டை ஒரு பாட்டாகப் படித்திருக்கிறாள். தேசிய கீதத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைச் சொல்லி, அதற்கு அடுத்தது என்ன என்று யாராவது கேட்டால் நாமும் மனத்துக்குள் முதலிலிருந்துதான் பாடிப் பார்ப்போம். அவளும் அதைத்தான் செய்கிறாள். இதை மந்தம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது. இருபத்தெட்டு என்பது நாலு ஏழுகள் சேர்ந்தது என்பதை மட்டும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். "மூணு ஆட்டோ வருது, ஒவ்வொரு ஆட்டோவிலயும் நாலு பேர் இருக்காங்க. மொத்தம் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பெருக்கல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பொத்தானோ புளியங்கொட்டையோ பக்கத்தில் இருக்கட்டும். விடையை விட்டுவிட்டு அவள் கையையும் உதட்டையும் கவனியுங்கள். ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை தனித்தனியாக எண்ணினால் அவள் முதல் படியில் இருக்கிறாள். "நாலு, எட்டு, பன்னிரண்டு" என்று தாவினால் இரண்டாம் படி. "ரெண்டு ஆட்டோன்னா எட்டு, இன்னொரு நாலு போட்டா பன்னிரண்டு" என்று தெரிந்ததிலிருந்து தெரியாததைக் கட்டினால் மூன்றாம் படி. யோசிக்காமல் பன்னிரண்டு என்பது நான்காவது. உங்கள் மகளின் பள்ளி முதல் மூன்று படிகளையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் கடிகாரம் வைத்துக் கேட்கிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ததால் சில குழந்தைகள் அங்கே நிற்பதுபோலத் தோன்றும். மூன்றாம் நான்காம் வகுப்பில் வாக்கியக் கணக்கு வரும்போது "மிஸ், இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்பது பெரும்பாலும் இந்தக் குழந்தைகள்தான்.

உங்கள் மகள் பின்தங்கியிருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், எளிய பெருக்கல் கணக்குகளைப் போடத் தெரிவது மூன்றாம் வகுப்பு முடிவுக்கான இலக்கு. நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு நிமிடத்தில் எழுதத் தெரியாத குழந்தையை எந்த அளவுகோலை வைத்து வீக் என்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆச்சியின் பல்லாங்குழியை வெளியே எடுங்கள்

உங்கள் வீட்டில் இருக்கும் நல்ல கணக்கு வாத்தியார் உங்கள் மாமியார்தான் என்று நினைக்கிறேன். பல்லாங்குழிப் பலகையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழு குழி, குழிக்கு ஐந்து காய். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் அவள் ஐந்து ஐந்தாகப் போடுகிறாள். பாட்டாகச் சொல்லிப் பழகிய ஐந்தாம் வாய்ப்பாட்டை இங்கே கையால் போடுகிறாள். ஏழு குழிக்கு முப்பத்தைந்து, எதிர்ப் பக்கத்துக்கு இன்னொரு முப்பத்தைந்து, மொத்தம் எழுபது. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் பசு என்று எடுக்கிறோம் அல்லவா? மூன்று பசு எடுத்தால் எத்தனை காய், ஐந்து பசு எடுத்தால் எத்தனை காய் என்று ஆச்சி விளையாட்டாகக் கேட்டால் போதும். நான்காம் வாய்ப்பாடு அங்கேயே இருக்கிறது. ஒவ்வொன்றாக எண்ணியே சொல்லட்டும், அவசரப்படுத்த வேண்டாம். நாள் போகப் போக அவளே "நாலு, எட்டு" என்று தாவத் தொடங்குவாள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆட்டம் முடிந்த பிறகு வருவது. ஜெயித்த காய்களை வைத்து அவரவர் குழிகளை ஐந்து ஐந்தாக மறுபடி நிரப்ப வேண்டும். இருபத்து மூன்று காய் கையில் இருந்தால் நான்கு குழி நிரம்பும், மூன்று மிஞ்சும். இன்னும் எத்தனை இருந்தால் ஐந்தாவது குழி நிரம்பும்? மீதி வரும் வகுத்தல் கணக்கு இது. பள்ளியில் பெரிய வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கும்போது பல பிள்ளைகள் திணறும் இடம். பல்லாங்குழி ஆடும் குழந்தைக்கு ஏழு வயதிலேயே அது கையில் இருக்கிறது. பெருக்கலையும் வகுத்தலையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்காமல் ஒன்றாகவே பழகிவிடுகிறாள். ஐந்து போட்டு ஆடிப் பழகிய பிறகு, ஒரு நாள் ஆறு ஆறாகப் போட்டு ஆடச் சொல்லுங்கள். ஆறாம் வாய்ப்பாட்டை அவள் பயமில்லாமல் பார்க்கட்டும்.

அடுத்து வரிசையாக அடுக்கியிருப்பதைக் காட்டுங்கள். கடையில் முப்பது முட்டை வாங்கும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. அட்டையை அப்படியே திருப்பினால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "திருப்பினாலும் அதேதான்" என்பதை அவள் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வாசலில் நேர்ப்புள்ளி வைத்துக் கோலம் போடும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை வைத்தால் எத்தனை புள்ளி என்று.

ஒரு சின்ன எச்சரிக்கை. 3×4 என்று எழுதினால் மூன்று கூட்டம், கூட்டத்துக்கு நான்கு என்று சில பள்ளிகளில் சொல்லிக் கொடுப்பார்கள். வேறு சில இடங்களில் மூன்றை நான்கு தடவை எடுப்பது என்பார்கள். மொத்தம் ஒன்றேதான், படம் மட்டும் மாறும். பள்ளி எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சரியாக யோசித்தும் படத்துக்குத் தப்பு வாங்கி வந்தால் அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிடும்.

வாய்ப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை

இவ்வளவும் படித்துவிட்டு, மனப்பாடமே தப்பு என்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். நான்காம் ஐந்தாம் வகுப்பில் பெரிய எண்களைப் பெருக்கும்போதும், வகுக்கும்போதும், பின்னம் வரும்போதும் ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பது தானாக வர வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், கணக்கில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும். ஆகவே மனப்பாடம் வேண்டும். புரிந்த பிறகு, பயம் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும்.

அது எவ்வளவு சின்ன வேலை என்று பாருங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை பத்து வாய்ப்பாடு, ஒவ்வொன்றிலும் பத்து வரி, மொத்தம் நூறு வரி. சுவரில் மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து அவள் மிரள்வது இந்த நூறைப் பார்த்துத்தான். 'திருப்பினாலும் அதேதான்' என்பது புரிந்த குழந்தைக்கு நூறு ஐம்பத்தைந்தாகிவிடுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய நான்கும் எளிது, அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது இருபத்தொன்று. நான்காம் வாய்ப்பாடு என்பது இரண்டை இன்னொரு தடவை இரட்டிப்பது. நாலு ஏழு வேண்டுமென்றால் ரெண்டு ஏழு பதினான்கு, இன்னொரு பதினான்கு, இருபத்தெட்டு. இப்போது பதினைந்து. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்திலிருந்து ஒரு தடவை குறைத்தால் போதும். ஒன்பது ஏழுக்கு எழுபதில் ஏழு போனால் அறுபத்து மூன்று. இப்போது மிஞ்சுவது பத்தே பத்து: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இவற்றிலும் 6×8 என்பது 3×8-இன் இரட்டை. 7×8 என்பது 7×4-இன் இரட்டை.

அதனால் இரண்டு, பத்து, ஐந்து, நான்கு, மூன்று, ஒன்பது, ஆறு, எட்டு என்ற வரிசையில் போங்கள். ஏழைக் கடைசியாக வையுங்கள். இந்த வரிசையில் வந்தால் ஏழாம் வாய்ப்பாட்டில் அவளுக்குப் புதிதாக இருப்பது ஏழு ஏழு நாற்பத்தொன்பது என்ற ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் வேறு வாய்ப்பாட்டில் ஏற்கெனவே பார்த்தது. இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தன்னை அழவைத்த வாய்ப்பாட்டில் ஒரு வரிதான் புதிது என்று தெரிந்தால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு தைரியம் வரும்!

நேரம்? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், அவளே கேட்டாலொழிய. முதல் இரண்டு வாரம் வாய்ப்பாடு என்ற பேச்சே வீட்டில் வேண்டாம், ஆட்டோவும் பல்லாங்குழியும் முட்டை அட்டையும் மட்டும். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வரிகளை வரிசையில்லாமல், கலைத்துக் கேளுங்கள். விடை வராவிட்டால் "தெரிஞ்ச எதிலிருந்து இதுக்குப் போகலாம்?" என்பதே அடுத்த கேள்வி. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பதற்றம் வந்தால், கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவை அது ஆக்கிரமித்துக்கொள்கிறது. நேற்று நன்றாகச் சொன்ன குழந்தை இன்று ஸ்டாப்வாட்ச் முன்னால் ஊமையாவது அதனால்தான்.

இன்னொன்று உங்களுக்காக. "எனக்கே கணக்கு வராது, அவளும் என்னை மாதிரிதான்" என்பதை அவள் காதுபடச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அந்தக் குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், அவர்களுடைய பயமும் கூடியது. அடிக்கடி உதவாத பெற்றோரின் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. பயம் ரத்தத்தில் வருவதாக இருந்தால் இப்படி நடக்காது. பக்கத்தில் உட்காரும் விதத்தில்தான் வருகிறது. உங்களுக்குத் தெரியாததை "எனக்கும் தெரியல, வா எண்ணிப் பார்ப்போம்" என்று அவளோடு சேர்ந்து எண்ணுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

டிஸ்கால்குலியாவா, அபாகஸ் வேண்டுமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டிஸ்கால்குலியா என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஏழாம் வாய்ப்பாடு வராதது அதற்கு அறிகுறியே இல்லை. டிஸ்கால்குலியா உள்ள குழந்தைக்கு அதற்கும் கீழேயே தடுமாற்றம் இருக்கும். பகடையில் நான்கு புள்ளியைப் பார்த்தால் எண்ணாமல் நான்கு என்று சொல்ல வராது. எட்டு பெரிதா ஐந்து பெரிதா என்பதற்கு யோசிக்கும். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணத் திணறும். சரியான முறையில் ஆறு மாதமாவது உதவியும் இவை மாறாமல் இருந்தால்தான் அந்தச் சந்தேகத்துக்கு இடம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் கீழ் கற்றல் குறைபாடும் வருகிறது. அதற்கான 2018 வழிகாட்டுதலில்கூடப் பள்ளிகளில் முதல்கட்டச் சோதனையை மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோதான் வைத்திருக்கிறார்கள். இப்போதே ஊர் ஊராகச் சோதனைக்கு அலைய வேண்டாம். அடுத்த ஆண்டு மேலே சொன்ன அடையாளங்கள் கண்ணில் பட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உளவியல் பிரிவில் காட்டுங்கள்.

அபாகஸ் கெட்டதில்லை. விரல் வேகமும் கவனமும் வரும், சில குழந்தைகள் விரும்பியே போகிறார்கள். ஆனால் இப்போது உங்கள் மகளுக்கு வேகம் ஏற்படுத்திய பயம் இருக்கிறது, அதற்கு இன்னொரு வேக வகுப்பு மருந்தாகாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். டியூஷனுக்கும் இதே பதில்தான்.

பள்ளியில் எப்படிப் பேசுவது

உங்கள் பயம் நியாயமானது. புகார் என்று போனால் குழந்தை மேல் காட்டுவார்களோ என்று தயங்காத பெற்றோர் இல்லை. ஆனால் வெளியே நிற்க வைத்தது லேசாக விடும் விஷயமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். குழந்தை பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 29 சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சட்டம் பொருந்துவதில் வேறுபாடு உண்டு. அப்படியானால் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது தடவை எழுதிவரச் சொல்வதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது.

இவை தெரிந்திருக்கட்டும், முதல் நாளே சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். முதலில் வகுப்பாசிரியையைத் தனியாகப் பாருங்கள். அவர் தலையிலும் பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற பாரம் இருக்கும். "மிஸ், வியாழக்கிழமை ஆனா குழந்தைக்கு வயித்துவலி வருது. நாங்க வீட்டுல புரிய வச்சுச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருக்கோம். ஒரு மூணு மாசம் அவளுக்கு டைம் வைக்காம இருங்க, தெரியலன்னா வெளிய அனுப்பாதீங்க, ஏழாம் வாய்ப்பாட்டைக் கடைசியாக் கேளுங்க" என்று மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது மறுபடி நிற்க வைத்தால், முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, குழந்தைக்கு என்ன ஆனது, என்ன கேட்கிறீர்கள் என்பது மட்டும் இருந்தால் போதும், ஆசிரியையைப் பற்றி வசவு வேண்டாம். உங்கள் கணவர் அங்கிருந்தே மின்னஞ்சலாகவும் அனுப்பலாம். பதிவு இருக்கும், தகப்பனும் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். அதற்கும் பலனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆகிய வழிகள் இருக்கின்றன. குழந்தையை அடித்தாலோ மறுபடி மறுபடி அவமானப்படுத்தினாலோ, இந்தப் படிகளில் காத்திருக்காமல் நேராக 1098-க்குப் பேசுங்கள்.

மாமாவிடம் தடுக்காதீர்கள், கேளுங்கள்

உங்கள் மாமனார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தத் தலைமுறை வாய்ப்பாட்டில் கெட்டிதான். ஆனால் ஏன் பதினாறு வரை படித்தார்கள்? ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வரும் வரை கடைக் கணக்கு முழுவதும் பதினாறில்தான் ஓடியது, அதன் பிறகும் பல ஆண்டுகள் வாயில் அணா பேச்சு போகவில்லை. அதற்கும் முந்திய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலில் முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்களுக்கே வாய்ப்பாடு இருந்தது. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அது தினமும் வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைகள் ஒப்பித்த எண்கள் எல்லாம் வீட்டிலும் களத்திலும் கண்முன்னால் கிடந்தன. எட்டுப் படி ஒரு மரக்கால் என்று ஒப்பித்த பையன் அன்று மாலையே நெல் அளக்கும் அந்த மரக்காலைக் கையில் பிடித்தான். உங்கள் மகளுக்கு ஒப்பிப்பது மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, மரக்கால் வந்து சேரவில்லை.

இதை நீங்கள் அவருக்குப் பாடமாக எடுக்க வேண்டாம். அவரிடமே கேளுங்கள். "மாமா, கடையில கால்குலேட்டர் இல்லாம எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு இவளுக்குச் சொல்லிக் குடுங்களேன்." பலசரக்குக் கடை நடத்தியவர் ஆறு ரூபாய் பொருள் எட்டு வாங்கினால் ஐந்து எட்டு நாற்பது, மேலே ஒரு எட்டு, நாற்பத்தெட்டு என்று மனத்துக்குள் பிரித்துத்தான் போட்டிருப்பார். நான் மேலே சொன்ன மூன்றாம் படி அதுதான். புளியும் பருப்பும் வைத்துத் தாத்தாவும் பேத்தியும் மாலையில் கடை விளையாட்டு விளையாடட்டும். தாத்தா கடைக்காரர், பேத்தி கணக்குப்பிள்ளை. காலையில் நிற்க வைத்து ஒப்பிப்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் கணவர் போனில் சொல்லட்டும். மருத்துவர் சொன்னார், வயிற்றுவலிக்கு அதுதான் காரணமாம் என்றால் எந்தத் தாத்தாவும் கேட்பார்.

கடைசியாக, சின்னவன். நான்கு வயதில் பெருக்கலைத் தொடங்க வேண்டாம், ஆனால் அதன் வேரைத் தொடங்கலாம். நான்கு தட்டு எடுத்து வைத்து ஆளுக்கு இரண்டு இட்லி வைக்கச் சொல்லுங்கள். செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கச் சொல்லுங்கள். பத்து முறுக்கை அக்காவுக்கும் அவனுக்கும் சமமாகப் பங்கு வைக்கச் சொல்லுங்கள். "ஆளுக்கு இத்தனை" என்ற எண்ணம் இதில்தான் உண்டாகும். பகடையின் புள்ளிகளை எண்ணாமல் சொல்லப் பழகட்டும், படிக்கட்டு ஏறும்போது இரண்டு இரண்டாக எண்ணட்டும். அவன் எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டால் திருத்தாமல் "இன்னொரு தடவை எண்ணுவோமா?" என்று கேளுங்கள். பெரியவளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்குப் பங்கு பிரித்துக் காட்டுவது அவளுக்கும் நல்ல பயிற்சி. முதல் வகுப்புக்குப் போகும் வரை அவனுக்கு இது போதும். வாய்ப்பாடு அட்டை வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டாம்.